வியாழன் பதினொரு மணிப் பிணக்கு

எழுத்தாளர்களில் ஒரு புது இனம் கிளம்பியிருக்கிறது. முன்கூட்டி வாழ்பவர் என்று இப்போதைக்குப் பெயர் வைத்துக்கொள்வோம். மற்ற ஊர் நிலவரம் எனக்குத் தெரியாது. தென்காசி ரத வீதிகளை ஒருமுறை சுற்றி வந்தால் நாலு பேரையாவது பார்த்துவிடலாம்.

எப்படி அடையாளம் காண்பது என்கிறீர்களா? சுலபம். 'இப்போதுதான்', 'இந்த நொடியில்', 'எதேச்சையாக' என்ற மூன்று சொற்களும் இவரிடம் அளவுக்கு மீறிப் புழங்கும். காலை ஐந்து ஐம்பதுக்கு, "இந்த நொடியில் மலையின் தோளில் மேகம் தலை சாய்க்கிறது" என்று முகநூலில் எழுதுவார். அந்த நொடியில் தலை சாய்த்திருப்பது அவர்தான், போர்வைக்குள், வாயைத் திறந்தபடி. "எதேச்சையாக ஒரு பழைய கடிதம் கண்ணில் பட்டது" என்று புதன் மாலை ஆறரைக்கு உருகுவார். அந்த எதேச்சைக்கு மூன்று வாரம் முன்பே நாள் குறித்தாகிவிட்டது.

மாயம் ஒன்றுமில்லை. அதற்கென்று ஒரு செயலி இருக்கிறது. எழுதிக் கொடுத்து, தேதியும் நேரமும் சொல்லிவிட்டால், அதுவே அந்த நேரத்துக்கு எடுத்துப் போட்டுவிடும். ஷெட்யூல் பண்ணுவது என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை சொதிச் சாப்பாடு முடிந்ததும், இந்த எழுத்தாளர் லேப்டாப்பைத் திறந்து வைத்துக்கொண்டு, வரப்போகும் வாரங்களின் வியப்பு, துக்கம், சமூகக் கோபம், அந்தி நேரத்துத் தனிமை, அதிகாலை ஞானம், திடீர்க் கவிதை எல்லாவற்றையும் ஒரே மூச்சில் எழுதி, நேரம் குறித்துவிட்டுத் தூங்கப் போவார். பிறகு வாழ்க்கை பாட்டுக்கு நடக்கும். அவர் பார்க்க மாட்டார். அதுதான் எழுதியாயிற்றே!

என் நண்பர் கோமதிசங்கரையே எடுத்துக்கொள்ளுங்கள். கல்லூரியில் என்னோடு படித்தவர் என்பதால் உரிமையோடு சொல்கிறேன். வீரகேரளம்புதூரில் ஒரு தனியார் பள்ளியில் வேதியியல் ஆசிரியர். பதினைந்து வருடமாகக் கதை எழுதுகிறார். போன வருடம் குற்றாலத்தைக் களமாக வைத்து ஒரு நாவலை முடித்துச் சென்னைப் பதிப்பாளர் ஒருவருக்கு அனுப்பினார். பதிப்பாளர் போனில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்.

"உங்களுக்கு எத்தனை ஃபாலோயர் சார்?"

இருநூற்றுப் பதினொன்று. அதில் பாதிப்பேர் பத்தாம் வகுப்பு மாணவர்களின் அப்பாக்கள்.

"ஐயாயிரம் வரட்டும் சார். அச்சுக்கு அனுப்பிடலாம்."

அன்றைக்குத்தான் கோமதிசங்கர் இந்த இனத்தில் சேர்ந்தார். இரண்டே மாதத்தில் ஒன்றைக் கண்டுபிடித்தார். சமூகக் கோபத்துக்குப் பதினாலு பேர் விருப்பம் தெரிவிக்கிறார்கள். அருவிக்கு முப்பது பேர். 'என் மனைவி' என்று தொடங்கினால் முந்நூறு! அப்புறம் விடுவாரா? வாரத்துக்கு நாலு முறை மனைவி என்று நிரந்தர இடம் ஒதுக்கினார்.

அந்த மனைவி வித்யாலட்சுமி, பாவூர்சத்திரம் காய்கறிச் சந்தைக்குப் பக்கத்தில் மருந்துக் கடை நடத்துகிறவர். முகநூலில் ஒரு ரோஜாப்பூப் படத்தோடு கணக்கு உண்டு. தங்கை பிள்ளைகளின் போட்டோ பார்க்க மட்டும்தான் அதைத் திறப்பார். கணவர் தன்னைப் பற்றி என்ன எழுதுகிறார் என்பது அவருக்குத் தெரியாது. தெரிய வந்தது ஒரு ஜூன் மாதத்து வியாழக்கிழமை, பதினொரு மணி பத்து நிமிடத்துக்கு.

கடையில் கூட வேலை பார்க்கும் சுகிர்தம், போனைப் பார்த்தபடி மெதுவாக ஆரம்பித்தாள்.

"யக்கா, காலையில எதும் சாப்ட்டியளா?"

"இட்லி சாப்ட்டேன். ஏன் கேக்க?"

"தோச இல்லையா?"

"ஏட்டி, என்ன உளறுத?"

சுகிர்தம் போனை நீட்டினாள். கோமதிசங்கர் எழுதியிருந்தார்: "இன்று காலை மனைவியோடு ஒரு சிறு பிணக்கு. தோசைக்குத் தேங்காய்ச் சட்னியா காரச் சட்னியா என்பதில் தொடங்கியது. பேசாமலே வேலைக்குப் போய்விட்டாள். வாசலில் அவள் செருப்பு இருந்த இடத்தையே இந்த நொடியில் பார்த்துக்கொண்டிருக்கிறேன்."

வித்யாலட்சுமி இரண்டு முறை படித்தார். அன்று காலை இட்லி அவித்து, கணவரைத் தன் ஸ்கூட்டரில் ஏற்றிக்கொண்டு போய் பஸ் நிலையத்தில் இறக்கிவிட்டு, "மத்தியானம் மோரை மறக்காமக் குடிங்க" என்று சொல்லி அனுப்பியவர் அவர். அந்த நொடியில் கணவர் பார்த்துக்கொண்டிருந்தது செருப்பை அல்ல, பதினோராம் வகுப்பு பி பிரிவை.

அதற்குள் பிரஷர் மாத்திரை வாங்க வந்தார் வெங்காய மண்டி காமராஜ் அண்ணாச்சி. மாத்திரையை வாங்கிக்கொண்டு நகராமல் நின்றார்.

"எம்மா, சட்னிக்கெல்லாம் போயி மூஞ்சியத் தூக்கலாமா? விட்டுக்குடுத்துப் போணும்லா."

"அண்ணாச்சி, இன்னைக்கு எங்க வீட்ல இட்லி."

"அதத்தான் நானும் சொல்லுதேன். அவிய தோச கேட்டிருப்பாவ."

மதியத்துக்குள் நானூற்றுப் பன்னிரண்டு பேர் அந்தப் பிணக்கை விரும்பியிருந்தார்கள். சகோதரி சீக்கிரம் மனம் மாற வேண்டும் என்று கோவையிலிருந்து ஓர் அம்மாள் வேண்டிக்கொண்டிருந்தார். கலைஞனின் தனிமை கொடிது என்று ஒரு கவிஞர் கண்ணீர் வடித்திருந்தார். கடையத்திலிருந்து வித்யாலட்சுமியின் அம்மா, "ஏட்டி, அந்தத் தேங்காய்ச் சட்னியத்தான் அரைச்சா என்ன?" என்று போனில் கேட்டதோடு பொறுமை போயிற்று.

மூன்று மணிக்கே வீட்டுக்கு வந்து லேப்டாப்பைத் திறந்தார். கடவுச்சொல் வித்யாலட்சுமியின் பிறந்தநாள்தான். அந்த மட்டில் கணவர் அன்பான மனிதர். உள்ளே வண்ண வண்ணக் கட்டங்களாக அடுத்த மூன்று வாரமும் கிடந்தது. மஞ்சள் என்றால் இயற்கை. சிவப்பு என்றால் கோபம். பச்சை என்றால் மனைவி. மறுநாள் வெள்ளி மாலை ஏழு மணியில் ஒரு பச்சைக் கட்டம்: "பிணக்கு தீர்ந்தது. ஒரு முழம் பிச்சிப்பூ போதுமாக இருந்தது அவளுக்கு."

நடக்காத சண்டையைக்கூட மன்னித்திருப்பார். தான் எப்போது, எவ்வளவுக்கு மன்னிக்கப் போகிறோம் என்று முன்கூட்டியே எழுதியிருந்ததுதான் தைத்தது. ஒரு முழம்!

மாலையில் கோமதிசங்கர் வந்தார். "வித்யா, காபி இருக்கா?"

பிரிட்ஜ் கதவில் ஒரு சீட்டு ஒட்டியிருந்தது: 'உங்க ஷெட்யூல் படி நாளைக்கு ஏழு மணி வரைக்கும் நான் பேச மாட்டேன்.'

மனிதருக்கு வியர்த்துவிட்டது. "வித்யா, அது சும்மா ஒரு இலக்கிய உத்தி..." என்றார். இலக்கியம் அந்த வீட்டில் அன்றிரவு தனியாகத்தான் சாப்பிட்டது.

வெள்ளிக்கிழமை ஆறு ஐம்பதுக்கே பிச்சிப்பூவோடு வந்து நின்றார். ஏழு அடித்தது. வித்யாலட்சுமி பூவை வாங்கித் தலையில் வைத்துக்கொண்டார்.

"இன்னும் ரெண்டு வாரத்துக்கு மேல எழுதி வச்சிருக்கீங்க. எல்லாம் படிச்சேன். அதுல வர்ற மாப்பிள்ளய எனக்கு ரொம்பப் பிடிச்சிருக்கு. அவரோடயே இருந்துருதேன்."

"என்ன சொல்லுத?"

"எழுதுனபடி நடக்கணும். ஒண்ணு விடாம."

"எல்லாத்தையும் அழிச்சிருதேன் வித்யா."

"அழிச்சா, இதுவரைக்கும் போட்டதுக்கெல்லாம் கீழ உண்மைய எழுதிருவேன். எனக்கும் அக்கவுண்ட் இருக்கு."

அப்போது ஃபாலோயர் நாலாயிரத்து முந்நூறு. இன்னும் எழுநூறு பேர் வந்தால் நாவல் அச்சேறும். கோமதிசங்கர் தலையை ஆட்டினார்.

சனிக்கிழமை அதிகாலை, அட்டவணைப்படி, பழைய குற்றாலத்தில் முதல் ஆளாகக் குளிக்க வேண்டும். இதில் ஒரு சிக்கல் என்னவென்றால், முப்பது கதைகளில் அருவியை வர்ணித்த நம் நண்பர், சைனஸ் தொல்லையால், அருவிக்குள் கால் வைத்து இருபது வருடம் ஆகிறது. ஸ்கூட்டரின் பின்னால் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்து போனார். ஆண்கள் பக்கத்தில் அவரை விட்டுவிட்டு வித்யாலட்சுமி பெண்கள் பக்கம் போனார். சரியாக ஐந்து ஐம்பதுக்கு, "அருவிக்குள் ஒரு பேரமைதி" என்ற பதிவு தானாக வெளியேறிய அதே நேரத்தில், "ஐயோ! யம்மா! ஏலே, செத்தேன்!" என்று பாறைக்கு அந்தப் பக்கம் பெண்கள் சிரிக்கும்படி ஒரு குரல் கேட்டது. அது எந்த எழுத்தாளருடைய குரல் என்று நான் சொல்ல வேண்டுமா?

வெளியே வந்தவர் பல் கிட்டிக்க, மூக்கு ஒழுக, நெஞ்சில் அடித்துக்கொண்டு சிரித்தார். "வித்யா, அடி விழுது தெரியுமா! தண்ணி இல்ல, அடி! தோளு மரத்துப் போச்சு!" கல்யாணத்துக்குப் பிறகு அவர் இத்தனை சத்தமாகப் பேசி வித்யாலட்சுமி கேட்டதில்லை.

ஞாயிறு, கோமதிசங்கர் கையால் மிளகுக் குழம்பு. 'அவள் கண்மூடிச் சுவைத்தாள்' என்பது பதிவு. கண்ணை மூடியது உண்மைதான், காரம் அப்படி. திங்கள் காலை, வகுப்புக்கு முன்னால், சந்தையில் ஒரு மூட்டை சுமக்க வேண்டும். "உழைப்பின் எடை என்னவென்று என் தோளும் அறியட்டும்" என்று எழுதியிருந்தார். காமராஜ் அண்ணாச்சி மண்டியில் சின்ன வெங்காய மூட்டையைத் தூக்கித் தோளில் வைத்தார்கள். பதினொரு அடி நடந்தார். பன்னிரண்டாவது அடியை மூட்டையே எடுத்து வைத்தது. "சார், நீங்க எழுதுறதோட நிப்பாட்டிக்கிடுங்க" என்று லோடுமேன்கள் அவரைத் தூக்கி நிறுத்தினார்கள். தைலம் வித்யாலட்சுமியின் கடையில் கிடைத்தது.

செவ்வாய், மாலை நடை. புதன், ஒரே பீங்கான் கோப்பையில் காபி, 'ஆளுக்கு ஒரு மிடறு'. எழுதியபோது அவருக்கே பொய்யாகத் தெரிந்த கட்டங்கள் ஒவ்வொன்றாக நடக்க நடக்க, இரண்டு பேருக்கும் ஒரு கிறுக்குப் பிடித்துவிட்டது. காலையில் எழுந்ததும், "இன்னைக்கு நாம என்ன செய்யுதோம்?" என்று லேப்டாப்பைப் பார்த்துச் சிரித்தார்கள். ஃபாலோயர் நாலாயிரத்துத் தொள்ளாயிரத்தைத் தாண்டியது.

மூன்றாவது ஞாயிற்றுக்கிழமை அந்தக் கடைசிப் பச்சைக் கட்டத்துக்கு வந்து சேர்ந்தார்கள். வியாழன் மாலை ஏழு மணி: "இன்று மனைவி என் நாவலைப் படித்து முடித்தாள். கடைசிப் பக்கத்தில் விம்மி அழுதாள்."

வித்யாலட்சுமி நிமிர்ந்து பார்த்தார். "நாவலத் தாங்க. வியாழக்கிழம நான் அழணும்லா."

கோமதிசங்கர் லேப்டாப்பை மூடப் பார்த்தார். தன் கதைகளை ஊர் உலகம் முழுக்க அனுப்பியிருந்தார். மனைவிக்கு மட்டும் ஒரு கதைகூடக் காட்டியதில்லை.

"நீ கேட்டதே இல்லையே."

"நீங்க தந்ததே இல்லையே."

நாலு நாள். கடையில் ஆள் இல்லாத நேரமெல்லாம் அந்தத் தாள்கட்டு கையில் இருந்தது. கோமதிசங்கர் பள்ளியிலிருந்து சுகிர்தத்துக்குப் போன் போட்டு, "எத்தனாவது பக்கத்துல இருக்கா? முகம் எப்படி இருக்கு?" என்று விசாரித்தார். "எரநூறு. மருந்துச் சீட்டு படிக்கிற மாதிரிதான் இருக்காவ" என்றாள் சுகிர்தம். மனிதருக்குச் சோறு இறங்கவில்லை. விமர்சகர்களையெல்லாம் துச்சமாக நினைத்தவர், வீட்டில் பக்கம் புரளும் சத்தத்துக்கு நடுங்கினார்.

வியாழக்கிழமை மாலை ஏழு மணி. இருவரும் கூடத்தில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். நாவல் முடிந்து மேசையில் இருந்தது. போன் மணியடித்தது. விம்மி அழுதாகிவிட்டது. கோமதிசங்கர் மனைவியின் கண்களைப் பார்த்தார். காய்ந்து கிடந்தன. வித்யாலட்சுமி ஒரு விரலால் போனில் ஏதோ தட்டிக்கொண்டிருந்தார். மறுபடி மணியடித்தது. ரோஜாப்பூப் படத்தின் முதல் பின்னூட்டம்:

"நான் அழவில்லை. பன்னிரண்டாம் அத்தியாயம் நீளம். அருவியிலிருந்து வந்த பெண் ஈரச் சேலையோடு நின்று ஒன்பது பக்கம் பேச மாட்டாள், சளி பிடிக்கும். மருந்து கொடுக்கும் நர்ஸ் மட்டும் நிஜம். அவளுக்காக இன்னொரு முறை படிப்பேன். இப்படிக்கு, மனைவி."

அன்றுதான் அந்த வீட்டில் உண்மையான சண்டை நடந்தது. "ஒன்பது பக்கமும் நாவலோட உயிரு!" என்று கோமதிசங்கர் கத்தினார். "உயிருன்னா இருமும்லா, அவ ஒருதடவகூட இருமலயே!" என்று இவர் கத்தினார். "நாலு பேரு பாக்க எழுதணுமா? என்கிட்ட சொல்லக் கூடாதா?" என்று கேட்டபோது அவர் குரல் உடைந்துவிட்டது. "பதினஞ்சு வருசமா என்கிட்டதான் நீங்க எதையும் சொன்னதில்லையே" என்றபோது இவர் குரலும். இரண்டு பேரும் சாப்பிடவில்லை. அதைப் பற்றி யாரும் எங்கும் ஒரு வரி எழுதவில்லை.

மறுநாள் விடுமுறை எடுத்துக்கொண்டு கோமதிசங்கர் பன்னிரண்டாம் அத்தியாயத்தை எதிரில் வைத்தார். அருவி தோளில் விழுந்த அந்த அடி நினைவுக்கு வந்தது. மூச்சு வாங்கிய நிலையில் தான் என்ன பேசினோம் என்று எண்ணிப் பார்த்தார். ஒன்பது பக்கம் ஒன்றரைப் பக்கம் ஆயிற்று. மாலையில் வித்யாலட்சுமியிடம் நீட்டினார். அவர் நின்றுகொண்டே படித்து, ஒரு தும்மலைச் சேர்க்கச் சொன்னார். சேர்த்தார்.

அதற்குள் அந்தப் பின்னூட்டத்தை மூவாயிரம் பேர் விரும்பியிருந்தார்கள். ஃபாலோயர் ஏழாயிரம். பதிப்பாளர் கூப்பிட்டார்.

"சார், நாவல் அச்சுக்குப் போகுது. மேடம் ஒரு முன்னுரை தருவாங்களா?"

ஜூலைச் சாரலில் குற்றாலத்தில் ஒரு மண்டபத்தில் வெளியீட்டு விழா நடந்தது. முன்னுரை எழுதியவர் நான்கே வாக்கியம் பேசிவிட்டு உட்கார்ந்தார். கைதட்டல் முழுக்க அவருக்குத்தான்.

திருந்திவிட்டார் என்றா நினைக்கிறீர்கள்? போன வாரம் அவர் வீட்டுக்குப் போயிருந்தேன். லேப்டாப் திறந்திருந்தது. கட்டங்களில் புதிதாக ஒரு ரோஜா நிறம். எட்டிப் பார்த்தேன். "திங்கள் எட்டு மணி, வித்யா பின்னூட்டம்: நீளம் அதிகம். பரவாயில்லை, முடிவு நன்று."

"இது அவங்களுக்குத் தெரியுமாய்யா?" என்றேன்.

"சும்மா இரும். தெரிஞ்சா இயல்பா இருக்காதுலா."

சிரிக்காதீர்கள். நான் எழுத்தாளன் இல்லை, எனக்கும் இதற்கும் என்ன என்றுதானே இருக்கிறீர்கள்? போன ஞாயிற்றுக்கிழமை, இடுப்பில் துண்டோடு, தலையில் எண்ணெய் சொட்டச் சொட்ட நின்றுகொண்டு, "இந்தா, செங்கோட்டை தாண்டிட்டேன், அஞ்சே நிமிசம்" என்று போனில் சொன்னீர்களே, அது யார்? அந்தப் பக்கத்தில் ஒருவர் அதை நம்பி இலையைப் போட்டுவிட்டு வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்றைக்கும் யாருக்கோ அப்படித்தான் சொல்லிவிட்டு இதைப் படித்துக்கொண்டிருக்கிறீர்கள்.

எழுந்திருங்கள். முதலில் சட்டையைப் போடுங்கள்.