பெண் பார்க்க வந்தவர்களுக்குக் கொடுத்த தேத்தண்ணி சம்பந்தமாக

வட்டகொடை,
1980 மார்ச், செவ்வாய்க்கிழமை.

அன்பும் மரியாதையும் மிக்க பத்திநாதன் மாஸ்டர் அவர்களுக்கு, பெண்ணைப் பெற்றவனும் தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்குகிறவனுமான அலோசியஸ் கண்டாக்கு பணிவோடு எழுதுவது. மாதாவின் கிருபையால் நாங்கள் சுகம். தங்கள் வீட்டிலும் சுகம் என்று எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை தாங்களும் அம்மாவும் மகன் றோலண்டும் எங்கள் ஐவியைப் பெண் பார்க்க வந்து, நான் கொடுத்த தேத்தண்ணியைக் குடித்துவிட்டு, வட்டகொடை ஸ்டேஷனில் மூவரும் முறைவைத்து வாந்தி எடுத்த விஷயம் தோட்டம் முழுக்கத் தெரிந்துவிட்டது. இதில் ஐவிக்கோ என் மனைவி தெரேசாவுக்கோ பங்கில்லை. குற்றவாளி நான் ஒருவன்தான். அதற்காக இந்தச் சம்பந்தத்தைக் கைவிட்டுவிடாதீர்கள் என்று கெஞ்சவே எழுதுகிறேன். ஐவிக்கு மகனைப் பிடித்திருக்கிறது. அவள் வாய்விட்டுச் சொல்லவில்லை, ஆனால் ஞாயிற்றுக்கிழமையிலிருந்து என்னோடு பேசுவதில்லை.

நடந்தது இதுதான். லண்டனிலிருந்து வந்த என் மைத்துனர் ஒரு டின் தேயிலை கொண்டுவந்திருந்தார். நம் மலையில் கிள்ளி, நம் பெக்டரியில் அரைத்து, கப்பலேறிப் போய்ப் புது உடுப்பு மாட்டிக்கொண்டு திரும்பிய சரக்கு. நமக்கு இங்கே கிடைப்பது கூட்டி அள்ளிய தூள்தானே, சம்பந்திக்கு நல்லதைக் கொடுப்போம் என்று நினைத்தேன். "நம்ம தூளுலயே ஊத்திருவோம்ங்க, இது என்னமோ நூலு கட்டிப் பொட்டலம் பொட்டலமா இருக்கு" என்றாள் தெரேசா. "தெறந்த பொருளாதாரம் வந்தாச்சு, நீ இன்னும் கூப்பன் அரிசிக் காலத்துலயே நிக்கிறியே" என்று அதட்டி, எல்லாப் பொட்டலத்தையும் நானே கத்தரிக்கோலால் வெட்டிக் கொட்டினேன். பிறந்ததிலிருந்து தேயிலைக்குள்ளேயே கிடக்கிறவனுக்கு, அதைப் பொட்டலத்தோடு வெந்நீரில் முக்க வேண்டும் என்று தெரியவில்லை. தங்கள் கோப்பையில் மிதந்தது கடதாசி, பூச்சி அல்ல.

ஆனால் வயிற்றைப் புரட்டியது தேயிலை அல்ல, தண்ணீர். புல்லைக் கொல்ல இப்போது வெளிநாட்டு மருந்து வருகிறதல்லவா, அது வந்த நீலக் கேனைச் சவர்க்காரம் போட்டுக் கழுவித் தண்ணீர் பிடித்துவைத்திருந்தேன். சீமைச் சாமான் என்று தாங்கள் மெச்ச வேண்டுமென்று எழுத்து இருந்த பக்கத்தைத் தங்களைப் பார்த்து வேறு திருப்பிவைத்தேன். தாங்களும் வாசித்தீர்கள். இங்கிலீஷ் படித்த மாஸ்டர் ஏன் ஒன்றும் சொல்லவில்லை என்று தெரேசா கேட்கிறாள். மரியாதைக்காகக் குடித்திருப்பார் என்று சமாளித்தேன். புல் வெட்டும் பெண்கள் ஒரு வரிசையே செய்த வேலையை இந்த மருந்தை வைத்து ஒரே ஆள் முடித்துவிடுகிறான் என்று நான் பெருமையடித்தபோது தங்களுக்கு வியர்த்தது. என் பேச்சில் மெய்மறந்துவிட்டீர்கள் என்றே நினைத்தேன்.

அன்று மாலை என் வயிறும் மக்கர் பண்ணியது. வல்லாரை கேட்டுக் காளியாயியின் லயத்து வீட்டுக்குப் போனேன். மருந்து வந்தபின் புல் வெட்டும் வேலை போய் வீட்டில் இருக்கிறவள் அவள். "வல்லாரையாங்க ஐயா? உங்க மருந்து புல்லக் கொன்னுச்சு, கீரையக் கொன்னுச்சு, எங்க சோத்தயும் கொன்னுச்சு. நீங்க ஒருத்தர்தான் பொழச்சிருக்கீங்க" என்றாள். வெட்கமாக இருந்தது மாஸ்டர். மலையில் இப்போது வெறும் மண். மழை பெய்தால் அதுவும் ஓடையோடு போகிறது. நின்று மருந்தடிக்க வைத்தவன் நான். இனி அந்த மருந்தை விற்கிறவன் எவனாவது என் வாசலை மிதித்தால் நாயை அவிழ்த்துவிடுவேன். இது சத்தியம்.

மாதா தங்கள் குடும்பத்தையும், முக்கியமாகக் குடும்பத்தாரின் வயிறுகளையும், காத்து இரட்சிப்பாராக.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தியாக ஆசைப்படும்
அலோசியஸ்

பி.கு.: இதை ஒட்டப்போகும் நேரத்தில் தங்கள் கடிதம் வந்தது. மூவரும் குணமாகி, சம்பந்தத்துக்கும் சம்மதம் என்று வாசித்து அழுதுவிட்டேன். மகன் றோலண்டுக்கு அதே மருந்துக் கம்பெனியில், திம்புள்ளப் பகுதித் தோட்டங்களுக்கெல்லாம் விற்கும் உத்தியோகம் கிடைத்திருப்பதும் மகா சந்தோஷம். மேலே மருந்தைப் பற்றி எழுதியதெல்லாம் வயிற்று வலியில் எழுதியது, அடித்துவிட்டுப் படிக்கவும். நாயைக் கட்டிவிட்டேன். ஐவி மட்டும் இப்போது வாய் திறந்து ஒரு நிபந்தனை சொல்கிறாள். "மருந்தடிச்ச மலைக்குக் கீழ ஊத்துத்தண்ணி கொட்டுற பீலியில அவரே தண்ணி புடிச்சுட்டு வரட்டும்ப்பா. தேத்தண்ணி நான் ஊத்தித் தர்றேன். அவரு குடிச்சா நான் கட்டிக்கிறேன்" என்கிறாள். நான் எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். மாப்பிள்ளை குடிப்பார்தானே, மாஸ்டர்?