பெயர் சொல்லாமல் புகழ்ந்த கதை

எனக்கு எழுபத்தெட்டு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். வாய்காட்ட மட்டும் நான் பழக்கவில்லை. அது இரத்தத்தில் வந்தது. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கும் எனக்கும் உறவு முறிந்தது. (நட்டம் பள்ளிக்கூடத்துக்குத்தான்.) அப்படிப்பட்ட என்னைச் சந்தி சிரிக்க வைத்தது, பேத்தி துளசி படித்த பழைய காலத்து இங்கிலிஷ் பாட்டு.

சில வருடங்களுக்கு முன், எங்கள் டோர்செட் பார்க் அடுக்குமாடி வீட்டில், யூனிவேர்சிட்டிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்தவள் தனியே சிரித்தாள்.

"என்ன பிள்ளை, விசரே?"

"இல்லை அம்மம்மா, அந்தக் காலத்துப் பொயெட்ஸ் சரியான ஸ்மார்ட். கதைப்பாட்டிலை ஒருத்தரையும் திட்ட மாட்டினம், பெயரும் சொல்ல மாட்டினம். உடுப்பு, நடை, சாப்பாடு எல்லாத்தையும் புகழுற மாதிரிச் சொல்லியே ஆளைக் காட்டிக் குடுத்திடுவினம். லைக், ஒரு சாமியார் நோன்பைப் பற்றி வடிவாய்ப் பேசுவார். ஆனா வாசலுக்கு அவருக்கு முதல் அவரின்ரை வயிறு வந்திடும்!"

அட, இதைத்தானே நான் லிஃப்டுக்குள் தினமும் செய்கிறேன்! பெயர் சொல்லாவிட்டால் ஒருவரும் கோபிக்க முடியாது என்ற பாடத்தை மட்டும் எடுத்துக்கொண்டேன். (பரீட்சை எழுதியிருந்தால் முட்டைதான்.)

அடுத்த கிழமை எங்கள் முதியோர் சங்கம் மொன்றியல் கோயிலுக்கு பஸ் விட்டது. என் கடைசி மகன் ரவிக்கு, கோயிலில் அடிக்கடி காணும் செல்வராணியின் மகளைப் பேசிக்கொண்டிருந்த நேரம் அது. காட்டிய படங்களுக்கெல்லாம் "பிறகு பார்ப்பம்" என்றவன், இந்தப் பிள்ளைக்குத்தான் தலையாட்டியிருந்தான். செல்வராணியும் அந்த பஸ்ஸில் வந்தார். அவருக்குக் கோயில் ஒரு சாட்டு; பார்க்க வந்தது எங்கள் குடும்பத்துக் குணத்தை.

பஸ்ஸுக்குள் தேவாரம் பாடி முடிய மைக் என் கைக்கு வந்தது. மைக்கைக் கண்டால் எனக்குக் குணம் மறந்துபோகும்.

"ஒரு பெரியவர் இருக்கிறார். சமத்துவம் எண்டால் உயிர். எல்லாருக்கும் ஒரே அளவாய்ச் சோறு விழுதோ எண்டு கிட்ட நிண்டு பார்ப்பார். அந்த வேலைக்குத் தெம்பு வேணுமெண்டு, தான் முதலே சாப்பிட்டிடுவார்."

நான் சொன்னது சங்கத் தலைவரை. தொடையில் தட்டிப் பெரிதாகச் சிரித்தவரும் அவர்தான். எனக்குக் கொம்பு முளைத்தது.

"ஒரு பக்தை இருக்கிறா. வெள்ளிக்கிழமையிலை மச்சமாமிசம் வாயிலை படாது. இராத்திரி பதினொரு மணிக்கு ஆட்டுக்கறியை அடுப்பிலை ஏத்துவா. சனி பிறக்க, கறியும் அவிஞ்சிடும்."

இது பஸ்ஸுக்கே வராத என் பக்கத்து வீட்டுக்காரியின் கதை. ஆனால் மூன்று பெண்கள் ஒன்றாகத் திரும்பிப் பார்த்தார்கள். ஒருவர் செல்வராணி.

"இதை உங்களுக்கு ஆர் சொன்னது? என்ரை மகளோ?"

என் கண்ணுக்குள் ரவி மணவறையிலிருந்து எழும்பிப் போனான். செல்வராணி எழுந்து வந்து மைக்கைப் பறித்தார்.

"நானும் ஒருத்தியைச் சொல்லுறன். பெயர் சொல்ல மாட்டன். படிப்பெண்டால் அவவுக்குப் பெரிய மரியாதை. கண்ணாடி எப்பவும் கழுத்திலை, தங்கச் சங்கிலிக்கும் மேலை தொங்கும். ஆனா கோயில் நோட்டீஸை நீட்டினால், 'ஐயோ, கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டன், நீங்களே வாசியுங்கோ' எண்டுவா!"

பஸ் அதிர்ந்தது. ட்ரைவருக்குத் தமிழ் தெரியாது, அவரும் சிரித்தார். என் கை தானாகவே கழுத்துக்குப் போனது, கண்ணாடியை மறைக்க. அதைக் கண்டு இன்னும் சிரித்தார்கள். இத்தனை வருடம் கட்டிக்காத்த மானம் ஹைவேயில் பறந்தது. பறந்த பிறகு பார்த்தால், அப்படியொரு சுகம்! எனக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

"அது சரி, அந்த ஆட்டுக்கறி எத்தினை மணிக்கு இறக்குவியள்?" என்று கேட்டேன்.

"பன்னிரண்டடிக்க. வாங்கோவன் சம்மந்தி!"

மைக் இன்னும் அவர் வாயருகில்தான் இருந்தது. 'சம்மந்தி' என்ற சொல் பஸ் முழுக்கக் கேட்டது. பிறகு அதை யார் திருப்பி எடுப்பது? கோயிலில் இறங்க முன்னரே கலியாணம் நிச்சயமாகிவிட்டது.

இன்றைக்கும் எங்கள் இரண்டு வீட்டிலும் யாருக்காவது வேலை செய்யப் பஞ்சி, சோம்பல் என்றால் இதுதான் மறுமொழி. போன ஞாயிறும், கோப்பை கழுவச் சொன்னதற்கு மருமகள் சொன்னாள்: "ஐயோ மாமி, கண்ணாடியை வீட்டிலை விட்டிட்டன்!"

நான் சொல்லச் சொல்லத் துளசிதான் இதை எழுதினாள். எங்கே பிள்ளை, முதலிலை இருந்து ஒருக்கா வாசி பாப்பம். என்ன, கண்ணாடியோ? கழுத்திலைதான் கிடக்கு. நீ வாசி.