எமில்டா ஏறிய விண்கப்பல்

ஒரு விண்கப்பலுக்கு நான் கப்டன். சிரிக்காதீர்கள். லண்டனில் மிச்சம் என்ற எங்கள் ஊரில் இப்படிச் சொல்லக்கூடிய தமிழன் நான் ஒருவன்தான்.

சனிக்கிழமை பின்னேரங்களில் நாலு பேர் கூடுவோம். 'வேகா கொன்வோய்' என்ற விண்வெளித் தொலைக்காட்சித் தொடரை வைத்து ஒரு விளையாட்டு. மேசையைச் சுற்றி இருந்து, ஆளுக்கொரு பாத்திரமாகிப் பேசி, இருபது பக்கத் தாயக்கட்டை உருட்டி விளையாடுவது. றஜீவ் கதையை நடத்துவான். எதிரி, கிரகம், புயல் எல்லாம் அவன் வாயால்தான் வரும். கொட்வின் எஞ்சினியர். பெனடிக்ற் தொடர்பாடல் அதிகாரி. கப்டன் யாக்கோப்பு, அதாவது நான். மிச்சத்தில் குடியிருந்தும் வீட்டில் எனக்கு அதிகாரம் எதுவும் மிச்சமில்லை. கப்பலில் நான் "சுடு!" என்றால் சுடுவார்கள்.

ஒருநாள் மனைவி எமில்டா கேட்டாள்.

"நரைச்ச மனிசர் நாலு பேர் இருந்து என்னப்பா செய்யிறியள்? நானும் ஒருக்கா வந்து பாக்கப்போறன்."

அவள் வந்தால் கப்பலிலும் என் அதிகாரம் போய்விடும். உடனே திட்டம் போட்டேன். விளையாட்டை எங்கள் வீட்டுக்கே கூப்பிடுவது. பெனடிக்றுக்கு அன்று ஷிப்ட். அவனுடைய வேலையை இவளுக்குக் கொடுப்பது. யாராவது கூப்பிட்டால் எடுக்கிற வேலை. கப்பலிலேயே அதைவிட அலுப்பு வேறில்லை. அரை மணித்தியாலத்தில் கொட்டாவி விட்டு எழும்பிப் போவாள். பிறகு இந்தப் பக்கம் தலைவைக்கவே மாட்டாள்.

சனி வந்தது. கடலை வடைத் தட்டோடு எமில்டாவும் வந்து இருந்தாள். தொடரில் வரும் எதிரிப் பேரரசான துருவர்களின் போர்க்கப்பல் எங்களை மறித்தது.

"கொட்வின், சுடு!" என்றேன். என் வீட்டு மேசையில், என் மனைவிக்கு முன்னால் ஒரு கட்டளை! கட்டையை உருட்டினேன். ஒன்று விழுந்தது. எங்கள் குண்டு எங்கள் கப்பலிலேயே வெடித்து எஞ்சின் நின்றது.

"மனிதப் பூச்சிகளே, சரணடையுங்கள்!" எதிரித் தளபதி குறாக்காக றஜீவ் கர்ச்சித்தான்.

நான் எழுந்து நின்றேன். "வீரர்களே, மானத்தோடு சாவோம்!"

"இருங்கோப்பா," என்றாள் எமில்டா. "ஃபோன் எனக்கெல்லோ வந்தது."

றஜீவ் பக்கம் திரும்பினாள்.

"ஓம் தம்பி, சரணடையிறம். உங்கட கப்பலுக்குள்ள எங்களுக்கு இடம் இருக்கோ?"

குறாக் தடுமாறினான். "இ... இருக்கு."

"நல்லது. ஒரு சின்ன விசயம். இஞ்ச எல்லாருக்கும் காய்ச்சல். தோலெல்லாம் பச்சையா வருது. உங்கட ஆக்களுக்குத் தொத்தினா என்னைக் குறை சொல்லக்கூடாது."

"என்ன காய்ச்சல்?"

"பேர் தெரியேல்லை. எங்கட கப்டனுக்குத்தான் முதல் வந்தது. கேளுங்கோ, இருமுறார்."

மேசைக்குக் கீழே என் காலில் ஓர் உதை விழுந்தது. இருமினேன்.

"இன்னும் கொஞ்சம் பலமாப்பா. அவருக்குக் கேக்கேல்லை."

பலமாக இருமினேன்.

"பொய் எடுபடுதோ எண்டு உருட்டிப் பாருங்கோ அக்கா," என்றான் றஜீவ். உருட்டினாள். இருபது. அந்தக் கட்டையில் அதற்கு மேல் இலக்கமே இல்லை.

"கிட்ட வராதேங்கோ!" குறாக்கின் செந்தமிழ் பறந்துவிட்டது.

"எஞ்சின் ஓடாதே தம்பி. எப்பிடிப் போறது?"

"நாங்களே கட்டி இழுத்து விடுறம். போனாக் காணும்!"

கொட்வின் மேசையில் அடித்துச் சிரித்தான். எனக்கு வெட்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. கலியாணம் கட்டிய நாள் முதல் அந்தக் குரலிடம் தோற்று வருகிறவன் நான். ஒரு பேரரசே அதனிடம் தோற்றதைப் பார்க்க, நான் ஒன்றும் லேசான ஆளிடம் தோற்கவில்லை என்று பெருமையாக இருந்தது. பெருமையில் வாயை விட்டேன்.

"இனி நீர்தான் கப்டன், எமில்டா!"

"சும்மா இருங்கோப்பா. எனக்கேன் உந்த வேலை?" வெறும் தட்டை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போய்விட்டாள்.

பார்த்தீர்களா! திட்டம் பலித்தது. கப்பலும் தப்பியது, பதவியும் தப்பியது. அந்தக் கிழமை முழுவதும் நிமிர்ந்து நடந்தேன்.

அடுத்த சனி வாசல் மணி அடித்தது. வடையின் ருசியில், அதைக் கேள்விப்பட்ட பெனடிக்றும் சேர்ந்து, மூன்று பேரும் எங்கள் வீட்டுக்கே வந்து நின்றார்கள். கப்டனுக்குரிய மிடுக்கோடு கதவைத் திறந்தேன்.

"வாங்கோடா!"

கொட்வின் என் தோளுக்கு மேலால் உள்ளே எட்டிப் பார்த்தான்.

"அண்ணை, கப்டன் நிக்கிறாவோ?"

அவன் 'நிக்கிறாரோ' என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா?