மாமனாரும் தள்ளிய எலெக்ட்ரிக் கார்

நான் சொன்ன பொய்களில் ஒன்றே ஒன்றுக்குத்தான் சக்கரம் இருந்தது. அறுபதுகளில், நெய்வேலியில் ஸ்டோர்ஸ் குமாஸ்தாவாகச் சேர்ந்த புதிதில், மாமனாருக்கு எழுதினேன்: 'எனக்கு எலெக்ட்ரிக் கார் கொடுத்திருக்கிறார்கள்.' (வேலையே இன்னும் பர்மனென்ட் ஆகவில்லை.)

அது ஷெட்டுக்குள் சாமான் ஏற்றும் பாட்டரி வண்டி. நான்கு சக்கரம், ஒரு பலகை, நின்றுகொண்டு திருப்ப ஒரு கைப்பிடி. அதுவும் என்னுடையதல்ல.

மகளைக் குடித்தனம் வைக்க வருவதாக மாமனார் தந்தி அடித்தார். 'காருடன் பஸ் ஸ்டாண்டுக்கு வரவும்.' வண்டியோட்டி காதர் பாயிடம் கெஞ்சினேன்.

"ஷெட்டுக்குள்ளன்னா நாளெல்லாம் ஓடும்ங்க. ரோட்டுல எவ்ளோ தூரம் போவும்னு யாரு பாத்தா? காலையிலேருந்து வேற ஓட்டிகினு இருக்கேன்."

"போய் வர நாலு மைல்தான் பாய்!"

"சங்கு ஊதறதுக்குள்ள வந்துடுங்க. இஞ்சினீயர் பாத்தா ரெண்டு பேரு வேலையும் பூடும்."

போகும்போது ஒவ்வொரு விளக்குக் கம்பத்தையும் எண்ணிக்கொண்டே போனேன். பஸ் ஸ்டாண்டில் மாமனார் வண்டியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார்.

"கூரை எங்க மாப்ளே?"

"வெயிலுக்குக் கழட்டி வச்சிருக்கு மாமா." (அவரும் தலையாட்டினார்!)

டிரங்குப் பெட்டி, பாத்திர மூட்டை, ஓர் அம்மிக்கல், அவர், என் மனைவி என எல்லாம் ஏறின. பாதி வழியில் வண்டி முனகத் தொடங்கியது. சைக்கிள்காரர்கள் முந்தினார்கள். பிறகு நடந்து போனவர்களும் முந்தினார்கள். என் சட்டை முதுகோடு ஒட்டிக்கொண்டது.

"ஏங்க, மெதுவா போறீங்க?" என்றாள் மனைவி.

"நீ ஊரைப் பார்க்கணும்னுதான்."

சொல்லி முடிப்பதற்குள் வண்டி நின்றே விட்டது.

"கரண்டு எடுக்கற ஊர்லயே கரண்டு இல்லையா?" என்றபடி மாமனார் வேட்டியை மடித்துக் கட்டினார். புதுப்பெண் கைப்பிடியைப் பிடிக்க, நாங்கள் இருவரும் தள்ளினோம். ஷிப்டு முடியும் சங்கு ஊதியது. பின்னாலேயே இஞ்சினீயரின் ஜீப்.

"என்னய்யா இது?"

மாமனார்தான் பேசினார்: "மாப்பிள்ளை காருங்க. நின்னுபோச்சு. நீங்களும் ஒரு கை குடுங்க."

இஞ்சினீயர் என்னைப் பார்த்தார். அம்மிக்கல்லைப் பார்த்தார். இறங்கி வந்து தள்ளினார். குவார்ட்டர்ஸ் வாசலில் கையைத் துடைத்தபடி, "நாளைக்கு ரூமுக்கு வா" என்றார்.

காதர் பாய்க்குத் தெரியாமல் எடுத்ததாக அங்கே இன்னொரு பொய் சொன்னேன். அவர் வேலை தப்பியது. எனக்கு பர்மனென்ட் ஆறு மாதம் தள்ளிப்போனது.

போன மாதம் மகள் எலெக்ட்ரிக் கார் வாங்கினாள். ஆபீஸ், மார்க்கெட், பேத்தியின் பள்ளிக்கூடம், எல்லாம் போய் வந்தாலும் சார்ஜ் மிச்சம் என்று கணக்குச் சொன்னாள். என் மனைவி முன்சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"நின்னாலும் கவலைப்படாதடி. நான் திருப்பறேன், உங்கப்பா தள்ளுவாரு."