வெறும் வயிற்றில் ஒரு கண்டுபிடிப்பு

நோயாளியின் வயிற்றில் கை வைப்பதற்கு முன் கைப்பேசியில் ஒருமுறை கை வைக்கும் மருத்துவரை நீங்கள் பார்த்திருக்கிறீர்களா? ஏதோ அவசர அழைப்பு என்று மரியாதையாகக் காத்திருந்திருப்பீர்கள். அதெல்லாம் ஒன்றுமில்லை. தாம் எழுதிய ஆராய்ச்சிக் கட்டுரைகளை உலகத்தில் எத்தனை பேர் மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்று பார்க்கிறார். எண் ஏறியிருந்தால் உங்கள் வயிற்றைப் பூப்போலத் தடவுவார். ஏறவில்லையா? ஓர் அமுக்கு அமுக்குவார். இந்த இனத்துக்கு எண்ணிக்கையார் என்று பெயர்.

பெயர் வைத்தவள் அவருடைய ஆராய்ச்சி உதவியாளர். தன் குடும்பத்தில் பட்டம் வாங்கிய முதல் ஆள். பல வருடங்களாக அந்தக் கை கைப்பேசிக்குப் போவதைப் பார்த்துக்கொண்டே வேலை செய்கிறாள். எண்ணிக்கையாரின் மகளுடைய விடைத்தாளைப் பார்த்துப் பரீட்சையில் ஒரு வரிசைப் பிள்ளைகளே காப்பியடித்துவிட்டார்கள் என்று பள்ளியிலிருந்து புகார் வந்தபோது, வேறு அப்பாவாக இருந்தால் கோபப்பட்டிருப்பார். இவர் கண்கள் பளபளக்க, "மொத்தம் எத்தனை பேரு?" என்று கேட்டார்.

உதவியாளருக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். ஒரு கட்டுரையில் தன் பெயர். அது இருந்தால்தான் மேற்படிப்புக்கு மனுவே போட முடியும். அம்மா வேறு தொலைபேசியில், "உன் பேரு அச்சுல வந்துடுச்சாடி?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாள்.

இவள் முதன்முதலில் வேலை செய்தது எண்ணிக்கையாரின் புகழ்பெற்ற கட்டுரைக்குத்தான். எண்டோஸ்கோபி அறைக்கு வெளியே, பச்சை அங்கியும் வாடிய முகமுமாய் உட்கார்ந்திருந்தவர்களிடம் போய், "காலையில வயிறு காந்துதா?" என்று கேட்டு எழுதி வரவேண்டும்.

"காந்துதாவா? பத்திக்கிட்டு எரியுது! எப்பம்மா உள்ள கூப்பிடுவாங்க? அதுக்குள்ள கேன்டீனை மூடிடுவாங்களா?" என்றார் ஒருவர். கிட்டத்தட்ட எல்லாருமே அப்படித்தான்.

இவள் தயங்கித் தயங்கிச் சொல்லிப் பார்த்தாள். "சார், குழாய் விடணும்னு இவங்களை நேத்து ராத்திரியிலேருந்து நாமதான் பட்டினி போட்டிருக்கோம். வயிறு காந்தத்தானே செய்யும்?"

"நீ கேள்வியைக் கேளும்மா. யோசிக்கிற வேலையை நான் பாத்துக்கறேன்."

பார்த்துக்கொண்டார். காலைக் காந்தல் என்று ஒரு புதிய நோய் பிறந்தது. கட்டுரையில் இவள் பெயர் இல்லை. கடைசியில் 'ஊழியர்களுக்கு நன்றி' என்று ஒரு வரி இருந்தது. "அடுத்ததுல கண்டிப்பா போட்டுடலாம்மா" என்றார்.

வருடக்கணக்கில் தூங்கிக்கிடந்த அந்தக் கட்டுரை, போன வருடம் திடீரென்று எழுந்து ஓட ஆரம்பித்தது. தினமும் புது மேற்கோள்கள். எண்ணிக்கையார் கேக் வாங்கி வந்தார். பாராட்டு விழாவில் தாம் படிப்பதற்காக, யார் யார் என்ன புகழ்ந்திருக்கிறார்கள் என்று தொகுத்துத் தரச் சொன்னார். உதவியாளர் எல்லாவற்றையும் உட்கார்ந்து படித்தாள். அவருடைய மேற்கோள்களை உண்மையில் திறந்து படித்த முதல் ஆள் அநேகமாக அவள்தான்.

"சார், எல்லாருமே தப்புன்னு எழுதியிருக்காங்க."

"எல்லாருமேவா?"

"ஒருத்தர் மட்டும் பாடப்புத்தகத்துலயே சேத்திருக்கார் சார். ஆராய்ச்சி எப்படிச் செய்யக்கூடாதுங்கற பாடத்துல."

வாய்க்குப் போன கேக் பாதி வழியில் நின்றது. முகம் கறுத்தது. பிறகு மெல்ல மெல்ல விடிந்தது. "பாடப்புத்தகமா? அப்ப வருஷா வருஷம் ஏறுமே!"

அதோடு அவருக்கு நியாய உணர்ச்சியும் பொங்கிவிட்டது. "நீ அப்பவே சொன்னே. உன் பேரும் இதுல இருந்திருக்கணும். இப்பவே பத்திரிகைக்கு எழுதிச் சேத்துடறேன்."

ஒரு கணம் அம்மாவின் குரல் அவள் காதில் கேட்டது. எந்தக் கட்டுரையானால் என்ன, பெயர் பெயர்தானே என்று ஒரு சபலம். அடுத்த கணமே, "ஐயோ, வேண்டாம் சார்! தப்பை ஒத்துக்கிட்டு ஒரு திருத்தம் எழுதலாம். அதுல என் பேரைப் போடுங்க" என்றாள்.

"பிரமாதம்!" என்றார் எண்ணிக்கையார். அவள்தான் எழுதிக் கொடுத்தாள். திருத்தம் வெளிவந்தது. 'எனது முந்தைய கட்டுரையில்' என்று தொடங்கியதால் அவர் கணக்கில் இன்னொரு மேற்கோளும் ஏறியது. ஆசிரியர் என்ற இடத்தில் அவர் ஒருவர் பெயர்தான். கடைசியில் ஊழியர்களுக்கு நன்றி.

இப்போது அந்தத் திருத்தத்துக்கு எத்தனை மேற்கோள் என்று தினமும் காலையில் பேருந்தில் பார்க்கும் ஓர் இளம்பெண் இருக்கிறாள். தன் பெயரே இல்லாத கட்டுரைக்கு இதை ஏன் பார்க்கிறோம் என்று அவளுக்கே தெரியவில்லை. தொற்றிக்கொண்டுவிட்டதோ?

நீங்கள் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் உங்கள் கை எங்கே போகிறது? நேற்றுப் போட்ட உங்கள் படத்தை எத்தனை பேருக்குப் பிடித்திருக்கிறது என்றுதானே பார்க்கப் போகிறீர்கள்? பாருங்கள், தவறில்லை. அதை எடுத்துக் கொடுத்தவர் பெயரை அதில் போட்டீர்களா?

அடுத்ததில் போட்டுவிடலாம் என்கிறீர்களா? எண்ணிக்கையார் அவளுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறார்.