பச்சைப் புள்ளி காத்த படலம்

வாழ்க விசைப்பலகை வேந்தன்! இணையக் கடையொன்றின் சரக்குகளுக்கு வீட்டிலிருந்தபடியே விளக்கவுரை எழுதும் வித்தகன், சுழல்நாற்காலியே சிங்காதனமாய், காதுக்கருவியே மணிமுடியாய், கழுத்துவலியே நீங்காத் தோழனாய்க் கொண்ட அக்கோமகன், அன்று செயற்கைப் புல்விரிப்பு ஒன்றுக்கு 'இயற்கையின் மடியில் இளைப்பாறுங்கள்' என்று எழுதி முடித்திருந்தான். நிஜப் புல்லை மிதித்து அவனுக்கு மாதக்கணக்காகியிருந்தது.

எதிர்ப் பூங்காவின் பெருமரம் ஜன்னல் வழியே கிளையசைத்து அழைத்தது. போகத்தான் ஆசை; ஆனால் திரையின் மூலையில், அவன் பெயரருகே ஒளிர்ந்த கடுகளவுப் பச்சைப் புள்ளியன்றோ அவன் குலப்பகை! மவுஸ் சற்று நேரம் அசையாவிட்டால் அது மஞ்சளாகும். மஞ்சளானால் மேலாளர் அம்மையார் அறிவார். "இன்னொரு தடவை மஞ்சளாச்சுன்னா வேலை போயிடும். எனக்கும் மேல ஆளுங்க பார்த்துட்டுதான் இருக்காங்க" என்று முந்தின நாள்தான் அவர் திரையில் தோன்றிப் பேரிகை முழக்கியிருந்தார்.

அஞ்சினானா நம் அண்ணல்? அஞ்சினான். ஆயினும், தன் நெஞ்சுக்குள் ஏதோ சருகாகிக்கொண்டிருப்பதை அறிந்தவனாதலால், மதயானையை மடக்கும் மாவீரனென மேசைவிசிறியைப் பற்றியிழுத்து, தலையாட்டும் அதன் கழுத்தில் மவுஸைச் சணலால் பிணைத்து, விசிறி இடம் திரும்ப மவுஸ் இடம் ஊர, வலம் திரும்ப வலம் ஊர, புள்ளி பசுமை குன்றாதிருக்கக் கண்டு, "காற்றின் மைந்தனே, எனக்காக உழை!" என்று ஆணையிட்டான்.

"ஃபேனைத் தொட்டுடாதே" என்று மனைவியிடமும் சொன்னான்.

"வீட்ல உருப்படியா வேலை பார்க்கிறது அது ஒண்ணுதான். நான் ஏன் தொடப்போறேன்" என்றாள் பட்டத்தரசி.

படியிறங்கினான், தெருவைக் கடந்தான், செருப்பைக் கழற்றிப் புல்லில் கால் வைத்தான். உள்ளங்கால் என்றொன்று தனக்கு இருப்பதே அப்போதுதான் நினைவுக்கு வந்தது. அடைபட்டிருந்த மூச்சு அவிழ்ந்தது, கண்ணும் கலங்கியது. மரத்தடிப் பெஞ்சை நெருங்கியவன் அப்படியே நின்றுவிட்டான். திரையில் மட்டுமே கண்டிருந்த அதே முகம்; வெறுங்காலோடு, கண்மூடி அங்கே அமர்ந்திருந்தவர் மேலாளர் அம்மையார்.

விழித்தவர் அவனைப் பார்த்தார். மடியிலிருந்த போனைப் பார்த்தார். அதில் இருவர் பெயரருகிலும் பச்சைப் புள்ளி. வாளுருவாத இரு பெரும்படைகளாய் ஒருவரையொருவர் அளந்தனர்.

"ஃபேனா?" என்றார் அவர்.

"ஆமா மேடம். நீங்க?"

"நாய் வாலு. உக்காருங்க."

அங்ஙனம் பகை மறந்த பேரரசர் இருவரும், மரநிழலாம் வெண்கொற்றக் குடையின்கீழ், இலையசைய உளமடங்கி, மூவுலகும் தம் காலடியில் கிடப்பதென வீற்றிருந்த அவ்வேளையில், அம்மையாரின் புள்ளி மஞ்சளானது.

நாய் தூங்கிவிட்டது.