சலவைக் கம்பெனித் தலைவர் பதவி விலகக் கோரி

மரியாதைக்குரிய பெரியத்தான் அவர்களுக்கு, உங்கள் தம்பி மனைவி நமஸ்காரம் சொல்லி எழுதுவது. கடவுள் புண்ணியத்தில் இங்கே உயிரோடு இருக்கிறோம்; நலம் என்று எழுதினால் பொய்யாகிவிடும். அங்கே நீங்களும் அக்காவும், கல்யாணத்துக்கு நிற்கிற பெண்ணும் சௌக்கியமாக இருக்க விளக்கேற்றும்போதெல்லாம் வேண்டிக்கொள்கிறேன்.

நேற்று நம் கம்பெனியின் கூட்டம் நடந்தது. வந்திருந்தவர்கள்: உங்கள் தம்பி, நான், பதிவு வேலைகளைப் பார்க்கும் கணக்காளர், ஆக மூன்று பேர். நான்காவது நாற்காலியில் உங்கள் புகைப்படம். தலைவர் இல்லாமல் கூட்டம் செல்லாது என்று கணக்காளர் சொன்னதும் உங்கள் தம்பி அதைச் சுவரிலிருந்து கழற்றிக் கொண்டுவந்து வைத்தார். மாலை எதுவும் போடவில்லை, பதற வேண்டாம். கணக்காளர் நம் மொழி பேசுகிறவர்தான், ஆனால் இந்த நாட்டிலேயே பிறந்து வளர்ந்தவர். படத்தைப் பார்த்துவிட்டு என் பக்கம் சாய்ந்து, "இவர் தவறிட்டாராம்மா?" என்று கேட்டார். நன்றாக இருக்கிறார் என்றேன். அவர் முகம் வாடிவிட்டது. "தவறியிருந்தா வேலை சுலபம்மா. ஒரு சர்டிபிகேட் போதும்" என்றார். நான் எழுந்து போய் உங்கள் பேருக்குக் கற்பூரம் ஏற்றிவிட்டு வந்துதான் மறுபடி உட்கார்ந்தேன்.

கோபிக்காமல் கேளுங்கள். கம்பெனியைப் பதிவு செய்யப் போன அன்று இயக்குநர்கள் பெயரை வரிசையாகக் கேட்டார்கள். கூடப்பிறந்த மூத்தவர் இருக்கும்போது என் பேரை முதல்ல போட்டா நல்லாவா இருக்கும் என்று உங்கள் தம்பி என்னைக் கேட்டார். எனக்கும் அது சரியென்றே பட்டது, கல்யாணப் பத்திரிகையில் போடுவதில்லையா, அதுபோல. பிறகு அந்த அலுவலகத்துப் பெண், கம்பெனியில் முடிவெடுப்பது யார் என்று கேட்டாள். இவர் கையைக் கட்டிக்கொண்டு, "எல்லாம் எங்க அண்ணன்தாங்க" என்றார். நம் பக்கத்தில் அப்படிச் சொன்னால் அது மரியாதை. இங்கே அது சட்டம். பெரிய பங்கு உங்களுக்கு, முதல் கையெழுத்து உங்களுக்கு என்று அவள் எழுதிக்கொண்டாள், நாங்களும் அந்தத் தாள்களை உங்களுக்கு அனுப்பினோம், நீங்களும் வாசலில் நின்றபடியே சந்தோஷமாகக் கையெழுத்துப் போட்டதாக அக்கா சொன்னார்.

அன்றைக்குப் பிடித்தது சனி. வங்கிக்குப் போனால் முதல் கையெழுத்துக்காரர் நேரில் வர வேண்டும் என்கிறார்கள். நீங்களோ விமானம் ஏற மாட்டேன் என்று ஒரே பிடியாக இருக்கிறீர்கள். நிலவறையை வாடகைக்கு எடுத்து, இரண்டு பெரிய சலவை இயந்திரங்களை இறக்கி, நானே பொட்டு வைத்தேன். தண்ணீர் இணைப்புக்குப் போனால் அதற்கும் நீங்களே வர வேண்டுமாம். தண்ணீர் இல்லாத இயந்திரத்தை வைத்துக்கொண்டு என்ன செய்வது, ஒன்றின் மேல் சாமி படங்களை வைத்திருக்கிறேன், இன்னொன்றுக்குள் வெங்காயம். இதற்கு நடுவில் ஒரு ஓட்டல்காரர் எங்களை நம்பி, பார்ப்போம் என்று ஒரு வண்டிப் படுக்கை விரிப்புகளை அனுப்பிவிட்டார். திருப்பி அனுப்ப மனசு வரவில்லை. குளியலறைத் தொட்டியில் போட்டு நானும் உங்கள் தம்பியும் மாறி மாறி மிதித்தோம். கொடி போதாமல் அறைக்கு அறை கயிறு கட்டிக் காயப்போட்டதில், வீட்டுக்குள் இவர் எங்கே இருக்கிறார் என்று குரலை வைத்துத்தான் கண்டுபிடித்தேன். ஓட்டல்காரருக்கு ரொம்பத் திருப்தி. இவ்வளவு வெள்ளையாக யாரும் வெளுத்ததில்லை என்றாராம். ஆனால் கூலியைக் கம்பெனியின் வங்கிக் கணக்கில்தான் போடுவாராம். கணக்கு இல்லாத கம்பெனியோடு தொழில் செய்ய அவர் சட்டத்தில் இடமில்லையாம். அதோடு அதுவும் போச்சு.

இதைச் சொல்லலாம் என்று உங்கள் தம்பி உங்களை போனில் கூப்பிட்டபோது, "ஆபீஸ் விஷயத்தை ஆபீஸ் நேரத்துல பேசு தம்பி" என்று வைத்துவிட்டீர்கள். மறுபடி கூப்பிட்டபோது, சலவைக்கு என்ன சோப்பு போடுகிறோம் என்று அறிக்கை அனுப்பச் சொன்னீர்கள். நானே எழுதி அனுப்பினேன். அதற்கு, எழுத்து இன்னும் திருத்தமாக இருக்கலாம் என்று பதில் வந்தது. அத்தான், வீட்டு வரவுசெலவு எழுதியே எழுதக் கற்றுக்கொண்டவள் நான், திருத்தத்துக்கு எங்கே போவேன்.

இப்போது விஷயம் இதுதான். கம்பெனி நடந்தால்தான் எங்களுக்கு இந்த நாட்டில் தங்க அனுமதி. இந்த மாதம் முடிவதற்குள் அது நடக்கிறது என்று காட்டாவிட்டால் பெட்டியைக் கட்டச் சொல்லிவிடுவார்கள். இத்துடன் வைத்திருக்கும் தாளில், தலைவர் பதவியிலிருந்து விலகுகிறேன் என்று ஒரு வக்கீல் முன்னால் கையெழுத்துப் போட்டு அனுப்பினால் போதும், மற்றதை நாங்கள் பார்த்துக்கொள்வோம். பதவி போனாலும் நீங்கள் மூத்தவர் இல்லாமல் போய்விடுவீர்களா. உங்கள் தம்பி ராத்திரியில் தூங்குவதில்லை. இங்கே முன்பு வேலை பார்த்த சலவைக்கூடத்தில் பத்துப் பேரை மேய்த்தவர், இப்போது நிலவறையில் போய் ஓடாத இயந்திரத்தின் கதவைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருக்கிறார்.

அக்காவுக்கு என் அன்பு, பெண்ணுக்கு எங்கள் ஆசீர்வாதம். உங்கள் முழங்கால் வலிக்கும் சேர்த்தே வேண்டியிருக்கிறேன்.

பணிவுடன்,
உங்கள் தம்பி மனைவி
(கம்பெனியின் மூன்றாம் இயக்குநர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன் உங்கள் தம்பிக்குப் படித்துக் காட்டினேன். கையெழுத்து என்று வந்த இடத்தில், போதும் என்று நிறுத்திவிட்டார். பெண்ணுக்கு நல்ல இடம் அமைந்திருப்பதாக அக்கா இவரிடம் போனில் சொன்னாராம், என்னிடம் இவர் மூச்சு விடவில்லை. வெளிநாட்டுக் கம்பெனித் தலைவர் வீட்டுப் பெண் என்றுதான் மாப்பிள்ளை வீட்டார் இறங்கி வந்தார்களாம். "இப்ப அண்ணன் விலகினா அந்தப் பொண்ணு வாழ்க்கைல நாம மண்ணைப் போட்ட மாதிரி. விடு" என்றார். இன்று காலை பழைய முதலாளியிடம் போய் நின்றிருக்கிறார். அவர் இங்கே தங்க அனுமதிச் சீட்டும் வாங்கித் தருகிறாராம், ஆனால் மேற்பார்வை வேலை வேறு ஆளுக்குப் போய்விட்டது, ஈரத்துணி பிழிகிற இடம்தான் காலி. சரி என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

ஆகவே மேலே எழுதியது எதையும் மனதில் வைக்க வேண்டாம். வேறு தாளில் எழுதலாம் என்றால், நிறைய எழுதிவிட்டேன், வீணாக்க மனசு வரவில்லை. தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள். கம்பெனியை மூடவும் உங்கள் கையெழுத்து வேண்டும் என்பதால் அது மூடாது. சம்பந்தி வீட்டார் கேட்டால் தலைவர் என்றே சொல்லலாம், பொய்யாகாது. வேலைக்குப் புதிதாகச் சேர்ந்தவருக்கு லீவு கிடைப்பது கஷ்டம், முன்கூட்டியே கேட்டு வைக்க வேண்டும். முகூர்த்தம் எந்த மாதம் என்று சீக்கிரம் பதில் எழுதவும்.